ஏழாவது அம்மி

இருநூற்றுப் பதினேழு வெள்ளி நாற்பது காசு. ராஜரத்தினம் கணக்குப் புத்தகத்திலிருந்து அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, சாமி பேரைச் சொன்னவர் மாதிரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

"சப்பான்காரன் வந்ததுலேருந்து பதினெட்டு மாச வாடகை. போன தீவாளிக்கு நீங்க குடுத்த கோழிக்கு நாலு வெள்ளி கழிச்சாச்சு. மிச்சம் இது," என்றார்.

"அந்தக் கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்துச்சுங்க ஐயா," என்றாள் பூங்காவனம். "முட்டையைக் கழிக்கலையே."

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் சேதுராமன் தொண்டையைச் செருமினான். அவன் பேசாத ஆள். சண்டைக்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன். நூறு மூட்டையில் ஒன்று குறைந்தால், கூலிக்காரர்களின் தோளைப் பார்த்தே எவன் எடுத்தான் என்று சொல்லிவிடுவான். கப்பல் நின்று போனது, வேலையும் போனது. இப்போது ஊரில் ஆடு காணோம், மோதிரம் காணோம் என்றால் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். கூலி மரவள்ளிக்கிழங்கு. அவன் பார்ப்பான், பூங்காவனம் கேட்பாள். பார்ப்பதற்கு யாரும் அடிக்க வருவதில்லை, கேட்பதற்குத்தான் வருகிறார்கள் என்பது அவளுடைய நிரந்தரக் குறை.

"கடனைக் கேக்க உங்களக் கூப்பிடல," என்றார் ராஜரத்தினம். "ஒரு வேலை இருக்கு. முடிச்சுக் குடுத்தா இந்தப் பக்கத்தையே அடிச்சிடறேன்."

ஊரின் கடற்கரைப் பக்கமான பண்டார் ஹிலிரில் பச்சை ஜன்னல் வைத்த மாடிவீடு அவருடையது. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் காலி செய்து போய்விட்டார்கள். அங்கே இப்போது சப்பான் அதிகாரிகளின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஊரின் உள்பக்கம், காஜா பெராங்கில் அவருக்கு வரிசையாக ஆறு வாடகை அறைகள் இருந்தன. ஐந்து காலி. ஆறாவதில் சேதுராமனும் பூங்காவனமும். கூரை ஒழுகுகிறது என்று பூங்காவனம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அது ஒழுகல் இல்லை, ஓட்டில் வரும் வேர்வை என்பார் அவர்.

"கோகிலாவைத் தெரியுமில்ல?" என்று கேட்டார்.

பூங்காவனத்துக்கு அந்தப் பேரைக் கேட்டதும் அடிவயிற்றில் யாரோ அடுப்பு மூட்டினாற்போல் இருந்தது. தெரியாமல் என்ன. ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயத்து வீட்டு வரிசை, ஒரே புல்வெட்டுக் கும்பல். இரண்டு பேர் புருஷனும் ஒன்றாகத்தான் டவுனுக்கு வந்தார்கள். கோகிலாவின் புருஷன் காய்ச்சலில் போனான். அவள் பசாரில் சாக்கை விரித்துக் கீரை விற்க உட்கார்ந்தாள். ஐயோ பாவம் என்று பூங்காவனம்தான் முதல் நாள் அவளிடம் ஒரு கட்டுக் கீரை வாங்கினாள். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அவள் கையில் நாலு வீடு.

"ரெண்டு விலைக்கு வாங்கியிருக்கா. ரெண்டு மொத்த வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டிருக்கா," என்றார் ராஜரத்தினம். சொல்லும்போது அவர் மூக்கு சிவந்தது. "அவ வீட்டை எடுத்த பத்தாம் நாள் இந்தப் பக்கத்துலேருந்து குடும்பம் குடும்பமாக் கிளம்பி அங்க போய் நிக்குது. அதிகாரிங்க எந்தத் தெருவைக் காலி பண்ணி எடுக்கப் போறாங்கன்னு முன்னாடியே அவளுக்குத் தெரியுது. உள்ள இருந்து எவனோ சொல்றான். அவன் பேர் எனக்கு வேணும். நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள."

"பேர் கெடைச்சா?"

"ராணுவப் போலீசுக்கு ஒரு காயிதம் எழுதுவேன். உளவு சொன்னவனும் கேட்டவளும் ஒண்ணாப் போவாங்க."

"கெடைக்கலைன்னா?"

"சாவியக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

விலாசம் இல்லாத ஆம்பிளையை ரோட்டில் பிடித்து, சயாமுக்கு ரயில்பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. போனவன் எவனும் இன்னும் திரும்பி வந்து பூங்காவனம் பார்க்கவில்லை. அந்த ஒழுகும் அறைதான் அவள் புருஷனின் விலாசம்.

ராஜரத்தினத்தின் மனைவி ருக்மணி அவித்த கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள். சம்பலில் மிளகாய் தோலும் விதையுமாகத் தனித்தனியே கிடந்தது. ஒரு தோல் பூங்காவனத்தின் கடைவாய்ப் பல்லில் போய் ஒட்டிக்கொண்டு, வாசல் தாண்டிய பிறகும் எடுபடவில்லை.

* * *

"நாலு வீடு," என்றாள் பூங்காவனம் வழியில். "அவளுக்குப் புல்லு வெட்டவே சரியா வராது. என் வரிசைய முடிச்சிட்டு அவ வரிசையும் நான்தான் வெட்டுவேன்."

சேதுராமன் நடந்துகொண்டே சட்டைப் பித்தானை மாட்டினான்.

"என்ன, பேச்சக் காணோம்? அவளைப் போய்ப் பாக்கணும்னதும் சட்டைக்குப் பித்தான் போடுறீங்க."

"சட்டை கிழிஞ்சிருக்கு புள்ள."

"எனக்கு முன்னாடி மட்டும் கிழிசலோட நிப்பீங்க."

பசாருக்குள் நுழைந்து, கருவாட்டுக்காரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள். கோகிலா தன் சாக்கில் உட்கார்ந்திருந்தாள். வள்ளிக்கிழங்குத் தழை, மரவள்ளி, பால் டின்னில் அளந்து விற்கும் உப்பு. நாலு வீட்டுக்காரி மாதிரியே இல்லை. அதே பழைய சேலை. பூங்காவனத்துக்கு அதுதான் இன்னும் எரிச்சல். பட்டுக் கட்டிக்கொண்டு மினுக்கினாலாவது நாலு வார்த்தை திட்டலாம்.

"யார் வந்து காதுல ஓதுறான்னு பாருங்க," என்றாள்.

சேதுராமன் பார்த்தான். கிழங்கு விற்று முடியும்வரை பார்த்தான். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஆம்பிளை ஒன்பது. யாரும் அவளிடம் குனிந்து பேசவில்லை. காகிதம் எதுவும் கைமாறவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றான். "அவ காசைப் பாக்கல. வாழைமரம் போட்ட சப்பான் நோட்டை வாங்கி எண்ணாமலே மடியில போடுறா. வர்ற ஒவ்வொருத்தர் கூடையையும் எட்டிப் பாக்கிறா. மத்த கடையில அவங்க என்ன வாங்கினாங்கன்னு."

"பொறாமை பிடிச்சவ. அதான் பாக்கிறா," என்றாள் பூங்காவனம், கூசாமல்.

அந்த நேரத்தில் கைவண்டிக்காரர் ஜெய்னுலாப்தீன் வந்தார். கோகிலாவின் சாக்குக்குப் பின்னால் துணி போட்டு மூடியிருந்த எதையோ, இன்னொரு ஆளோடு சேர்ந்து தூக்கினார். இரண்டு பேர் கழுத்திலும் நரம்பு புடைத்தது. வண்டி அச்சு முனகியது.

சேதுராமனின் கண் இடுங்கியது. "அரிசி இல்ல. அரிசி மூட்டை முதுகுல சரியும். இது சரியல. சின்னதா இருக்கு, கனம் ரொம்ப."

"தங்கமா இருக்கும்," என்றாள் பூங்காவனம். உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும் என்று பயமாக இருந்தது அவளுக்கு.

வண்டியின் பின்னால் போனார்கள். திருப்பத்தில் அவர் மூச்சு வாங்க நின்றபோது பூங்காவனம் எட்டிப் பிடித்தாள்.

"என்ன பாய் ஏத்தியிருக்கீங்க?"

"கல்லு தங்கச்சி."

"என்ன கல்லு?"

"கல்லுன்னா கல்லுதான். கேட்டா சிரிப்பே. எங்கியோ விடியக்காலையில ஏத்தி பசார்ல இறக்கினேன். இப்ப பசார்ல ஏத்தி அந்தம்மா வீட்டுல இறக்கப் போறேன். கல்லுக்கு ஊர் சுத்திக் காட்டுறதுக்கு எனக்கு மூணு முட்டை கூலி."

* * *

கோகிலா குடியிருந்தது காஜா பெராங் சாலையின் உட்புறத்தில், கிணறு வைத்த பலகை வீட்டில். முன்பக்கம் நாலு அறையும் வாடகைக்கு. பின்னால் அடுக்களையை ஒட்டி அவள். கொல்லைப் பக்கம் வேலியில் ஒரு சந்து இருந்தது. ஜெய்னுலாப்தீன் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியதும் புருஷனும் பெண்டாட்டியும் அதில் நுழைந்தார்கள்.

சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்திருந்தவை ஏழு அம்மிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதனதன் குழவி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிற்க வைத்த மாதிரி இருந்தது.

சேதுராமன் முதல் அம்மியைச் சாய்த்து அடியில் பார்த்தான். எறும்பு. இரண்டாவதைச் சாய்த்தான். ஈர மண். தட்டிப் பார்த்தான், உள்ளே பொந்து இல்லை. துறைமுகத்தில் இருபது வருஷம் ஏமாறாதவன் முகத்தில் பூங்காவனம் முதல் தடவையாகக் குழப்பத்தைப் பார்த்தாள்.

"ஒரு பொம்பளைக்கு எதுக்கு ஏழு அம்மி?" என்றான்.

"ஏன், உனக்கு ஒண்ணு வேணுமா அண்ணே?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கோகிலா இடுப்பில் காலிக்கூடையோடு நின்றிருந்தாள். பூங்காவனத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதுவும் பூங்காவனத்துக்குப் பிடிக்கவில்லை.

"வாசல் வழியா வந்தா விரட்டிடவா போறேன்? என்ன பூங்கா, இளைச்சிட்டே."

"நீ கொழுத்துட்டியே, அதைச் சரிக்கட்டத்தான்."

கோகிலா சிரித்தாள். "அவரு அனுப்பினாரா? பச்சை ஜன்னல்காரரு?"

சேதுராமன் ஒளிக்காமல் சொன்னான். "உனக்கு உள்ளேருந்து யாரோ சேதி சொல்றாங்கன்னு நினைக்கிறாரு. பேர் கேக்கிறாரு. போலீசுக்கு எழுதப் போறாரு."

கோகிலாவின் இடுப்பிலிருந்த கூடை மெல்லக் கீழே இறங்கியது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தபோது பூங்காவனத்துக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடியது. ஓடியதை உடனே கண்டுபிடித்து வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் அது முழுசாகப் போகவில்லை.

திரும்பி அம்மிகளைப் பார்த்தாள். மலாய்க்காரிக்கும் சீனத்திக்கும் அரைக்கிற கல் உண்டு. அவர்களுக்கு அது கல். வேண்டாமென்றால் விற்பார்கள், உடைந்தால் தூக்கிப் போடுவார்கள். நம் வீட்டில் அப்படி இல்லை. தாலி கட்டும்போது அதன் மேல்தான் காலை வைக்கிறோம். இந்தப் பதினெட்டு மாதத்தில் பூங்காவனம் என்னென்னவோ விற்றாள். குத்துவிளக்கு போனது, பித்தளைக் குடம் போனது, காதில் கிடந்தது போனது. அம்மியை விற்க ஒரு நாள்கூட நினைத்ததில்லை. பட்டினிக்காக ஒருத்தி அம்மியை விற்கமாட்டாள்.

அப்படியானால் எப்போது விற்பாள்?

"வீடே போகும்போது," என்றாள் வாய்விட்டு. "தூக்கிட்டுப் போகவும் முடியாது, வெறும் வீட்டுல வேத்தாளுக்கு விட்டுட்டுப் போகவும் மனசு வராது. அப்பதான் விப்பா."

சேதுராமன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அம்மிகளை ஒரு தடவை எண்ணினான். எண்ண ஆரம்பித்தால் அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம்.

கோகிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மொத அம்மி வந்தப்ப நானும் கல்லுன்னுதான் பாத்தேன். ஒரு டின் உப்புக்கு வாங்கினேன். அதே வாரம், அதே தெருவுலேருந்து இன்னும் ரெண்டு. காலி பண்ணச் சொன்னதை வெளிய பேசக்கூடாதுன்னு அதிகாரிங்க மிரட்டி வச்சிருப்பாங்க போல. புருஷனுங்க பேசல. பொம்பளைங்களும் பேசல. அம்மி மட்டும் வந்துச்சு. அந்தத் தெருவுல எத்தனை குடும்பம்னு எண்ணினேன். அவங்க எங்க வருவாங்கன்னு யோசிச்சேன். விறகு தூக்கிட்டு நடக்கிற தூரம், கிணறு, ஒழுகாத கூரை. கையில கிடந்த காப்பை வித்து மொத வீட்டை எடுத்தேன். பத்தாம் நாள் வந்தாங்க."

"கூடையை ஏன் பாக்கிறே?" என்று கேட்டான் சேதுராமன்.

"ஒரு படி எண்ணெய் வாங்கினவ அரைப்படி வாங்குறா, அவ கூட வர்றவ மீதி அரைப்படி வாங்குறான்னா, ரெண்டு குடும்பம் ஒரே அடுப்புல சமைக்குது. அடுத்த மாசம் அவங்களுக்குப் பெரிய அறை வேணும். நடறதுக்கு மரவள்ளிக் குச்சி கேக்கிறவளுக்குக் கொல்லை வேணும். இதை யாரு வந்து எனக்குச் சொல்லணும்?" கோகிலா பூங்காவனத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் அந்தப் பசாருக்குத் தினமும் வர்றவதானே. என்னத்தப் பாத்தே?"

விலையைத்தான் பார்த்திருந்தாள் பூங்காவனம். அவள் கண்ணுக்கு முன்னாலும்தான் அந்த அம்மிகள் போயின. பாவம், எவ்வளவு கனம் என்று நினைத்ததோடு சரி.

"ஏழாவது யாருடையது?" என்று கேட்டாள்.

"விக்கிறவ பேரை நான் சொல்றதில்ல."

அதன் பள்ளத்தில் மஞ்சள் இன்னும் காயவில்லை. பூங்காவனம் குனிந்து பார்த்தபோது நாக்கு தானாகக் கடைவாய்க்குப் போனது. காலையில் ஒட்டிய மிளகாய்த் தோல் அங்கேயே இருந்தது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முழுத் தோல். உரலில் இடித்த மிளகாய். அரைத்திருந்தால் தோலாவது விதையாவது.

"என்னங்க," என்றாள். "அந்த வண்டிக்கார பாயை மறுபடியும் பிடிங்க. விடியக்காலையில எந்த வீட்டுல ஏத்தினாருன்னு கேளுங்க. ஜன்னல் என்ன நிறம்னும் கேளுங்க."

* * *

மறுநாள் சாயங்காலம் ராஜரத்தினம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். காகிதமும் பேனாவும் பக்கத்தில் தயாராக இருந்தன.

"பேர்?" என்றார்.

அதிகாரி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் ஏதோ ஒரு கிராணி பேரைச் சொன்னால் போதும் என்று பூங்காவனத்துக்குத் தோன்றியது. கடன் போய்விடும். கோகிலாவும் போய்விடுவாள். நாலு வீடும் இல்லாமல், சாக்கும் உப்பும் இல்லாமல், புல்வெட்டுக் காலத்தில் இருந்ததைவிடக் கீழே போய்விடுவாள். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததால்தான் அதைத் துப்பினாள்.

"ருக்மணி," என்றாள்.

"எந்த ருக்மணி?"

"உங்க வீட்டு ருக்மணி அக்காதான் ஐயா. நேத்து விடியக்காலையில பின்வாசல் வழியா அம்மியை அனுப்பியிருக்காங்க. ஏத்தின வண்டிக்காரர் சொல்லிட்டாரு. அதான் கோகிலாவுக்குக் கெடைச்ச சேதி."

அவர் சிரிக்கப் பார்த்தார். சேதுராமன் குறுக்கே பேசினான், மூட்டைக் கணக்கு ஒப்பிக்கும் குரலில். "ரெண்டு பக்கத்து வீடும் போயாச்சு. நடுவுல இருக்கிற வீட்டை மட்டும் விட்டுவைக்க மாட்டாங்க. உங்களுக்கும் உத்தரவு வந்திருக்கு ஐயா. வெளிய பேசக்கூடாதுன்னும் சொல்லியிருப்பாங்க. நீங்க பேசல. ஆனா உங்க வீட்டு அம்மி பேசிடுச்சு. இப்ப நீங்க போலீசுக்கு எழுதினா, அவங்க கோகிலாவைக் கேப்பாங்க. யாரு சொன்னான்னு கேப்பாங்க. அடுத்த நிமிஷம் இந்த வாசல்ல நிப்பாங்க."

ராஜரத்தினத்தின் கை காகிதத்தை விட்டு விலகியது.

"அதோட, கோகிலாவை உள்ள தள்ளிட்டா வீடு நாலும் கேக்க ஆளில்லாமக் கிடக்கும்," என்றாள் பூங்காவனம். "நீங்க போறதுக்கு அவ கிணத்து வீட்டைத்தானே பாத்து வச்சிருந்தீங்க?"

உள்கதவு திறந்தது. ருக்மணி வந்து நின்றாள். "பதினஞ்சு நாளா உத்தரவைத் தலையணைக்கடியில வச்சிட்டுத் தூங்குறீங்க," என்றாள் புருஷனிடம். "எங்க போறோம்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா? நானே ஒரு டின் உப்பாவது சேத்து வச்சேன். ரெண்டு நாளா இடிச்ச சம்பல் தின்னுறீங்க. நாக்கு இருந்தாத்தானே தெரியும்."

அவர் நாற்காலியில் சுருங்கிப் போனார். யாரையும் பார்க்காமல் கேட்டார். "அவ வீட்டுல ஒரு அறையாவது காலி இருக்குமா?"

"காஜா பெராங்ல உங்களுக்கே அஞ்சு அறை காலியாக் கிடக்கே ஐயா," என்றாள் பூங்காவனம்.

"அதெல்லாம் ஒழுகுது," என்றார் ராஜரத்தினம்.

சேதுராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"கோகிலாகிட்ட நாங்க சொல்றோம்," என்றாள் பூங்காவனம். "ஆள் கெட்டவ இல்ல. முன்பணம் மட்டும் கறாரா வாங்குவா. இப்ப நீங்க சொன்ன வார்த்தையைக் காப்பாத்துங்க. பக்கத்தை அடிங்க."

அவர் பேனாவைத் திறந்து, இருநூற்றுப் பதினேழு வெள்ளி என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தார். அதோடு நிறுத்திவிட்டார். நாற்பது காசு கோடு படாமல் நின்றது. சேதுராமன் அதை விரலால் காட்டினான். ராஜரத்தினம் பேனாவை மூடிவிட்டார். அவரால் முடியவில்லை. கோகிலாவின் நாலு வீட்டையும் நினைத்துக்கொண்டு அந்த நாற்பது காசையாவது பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பூங்காவனத்துக்குப் புரிந்தது. அந்த வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கசங்கிய பத்துக் காசு நோட்டு நாலு இருந்தது. ஒவ்வொன்றாக நீவி மேஜையில் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க ஐயா. முன்பணத்துக்கு உதவும். இப்ப அடிங்க."

அவர் நோட்டுகளை எண்ணிப் பெட்டியில் போட்டார். மறுபடி பேனாவைத் திறந்தார். நாற்பது காசின் மேலும் கோடு விழுந்தது. சேதுராமன் குனிந்து, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

அந்த நாற்பது காசும் கடைசியில் கோகிலாவின் மடிக்குத்தான் போய்ச் சேரப்போகிறது என்பது படி இறங்கும்போதுதான் பூங்காவனத்துக்கு உறைத்தது.